மூணேமுக்கால் கிலோ

இல்ல, அந்தக் கைப்பிடியைத் திருப்பாதீங்க, பெல்ட்டைக் கழட்டி வெச்சிருக்கேன். ரெண்டு வருஷமா அப்படியேதான் கிடக்கு. ஓடும், ஏன் ஓடாது. ரஷ்யாக்காரன் வார்த்த கடைசல் லேத்து தம்பி இது, நாம ரெண்டு பேரும் போன பிறகும் ஓடும். விளம்பரத்துல என்ன எழுதியிருந்தேனோ அதுதான். பொய் சொல்லி ஒரு பொருளை நான் வித்ததில்ல.

ஏன் விக்கறேனா? தோள்பட்டை வலி. எழுபத்தொண்ணு முடிஞ்சிருச்சு. என் பொண்டாட்டி ஐலாவும் இதையேதான் கேட்டா. லேத்தை வித்துட்டு அந்த எடத்துல என்னை நிறுத்தி வெச்சு எண்ணெய் போடப் போறியா எஸ்கோன்னு கேட்டா. அவ நீச்சல் குளத்துக்குப் போயிருக்கா, மத்தியானம்தான் வருவா. காபி பிளாஸ்க்ல இருக்கு. பன்னு எடுத்துக்குங்க, ஏலக்காய் போட்டது, நேத்து சுட்டது. துர்க்கு டவுன்லேர்ந்து நாலு மணி நேரம் ஓட்டிட்டு வந்தவரு, வெறும் வயித்தோட இரும்பைத் தூக்க வேணாம்.

அது என்ன பையில? பிளைவீலா? குடுங்க இப்படி. ம்... வார்ப்பிரும்பு. கம்பெனி போட்டு அனுப்புனது. எட்டரை கிலோ இருக்கும். தராசெல்லாம் வேணாம், நாப்பது வருஷமா தூக்கற கை. லேத்தை எறக்கின உடனே மொத வேலையா இதைக் கடையப் போறீங்க, அதானே. சரி, எதுக்குக் கடையறீங்க? தெனம் வேலைக்குப் போற வண்டிக்கா, ரேஸ் வண்டிக்கா?

ரெண்டுக்கும் ஒரே வண்டியா. அங்கதான் தப்பு.

பாருங்க, இஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவுல சுத்தற இந்தச் சக்கரம் கனமா இருந்தா என்னை மாதிரி. ஒரு தடவை சுத்த ஆரம்பிச்சிட்டா நிக்க மனசு வராது. சிக்னல்ல கிளட்சை ஒழுங்கா விடலைன்னாலும் இஞ்சின் அணையாது. பின்னாடி படகைக் கட்டிட்டு மேட்டுல ஏறினா அந்தக் கனம்தான் உங்களை ஏத்திவிடும். பனிக்காலத்துல, காலைல மொத கியர்ல நகரும்போது, கிழவி நடக்கற மாதிரி பதனமாப் போகும். லேசான சக்கரத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. மிதிச்சா எகிறும், காலை எடுத்தா விழும். வளைவுலேர்ந்து வெளிய வரும்போது அந்த எகிறல் வேணும், கியர் மாத்தும்போது அந்த விழுதல் வேணும். ரேஸுக்கு அது சொர்க்கம். அதே வண்டில கடைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வாங்க பாப்போம், ரெண்டு சிக்னல்ல மூணு தடவை அணைஞ்சு போகும், பின்னாடி நிக்கறவன் ஹாரன் அடிப்பான். இஞ்சின் நடுங்கற நடுக்கத்துல கண்ணாடில மூஞ்சி தெரியாது.

அதனால தெனம் ஓட்டற வண்டின்னா இதைப் பையில திருப்பிப் போட்டுக்குங்க. ரேஸுக்கு மட்டும்னா, உருக்குல செஞ்சது புதுசா விக்கறாங்க, வாங்கிக்குங்க. வார்ப்பிரும்பைக் கடையாதீங்க.

கடையவே கூடாதுன்னு இல்ல. ஓரத்துலேர்ந்து எடுக்கலாம். ஓரத்துல எடுக்கற ஒரு கிலோ, நடுவுல எடுக்கற மூணு கிலோவுக்குச் சமம், கேக்கறதுக்குப் பொய் மாதிரி இருக்கும், ஆனா அதான் கணக்கு. எட்டரையை ஆறாக்கலாம். கை சுத்தமா இருந்தா அஞ்சரை. அதுக்குக் கீழ போகக்கூடாது. போல்ட்டு ஓட்டையைச் சுத்தித் தொடக்கூடாது. கிளட்ச்சுத் தகடு உரசற முகம் இருக்கே, அதுக்கு முதுகுப் பக்கம் தொடவே கூடாது. அங்க மெலிஞ்சா சூடு தாங்காது, மயிரிழை மாதிரி விரிசல் விடும், கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் என்னைக்கோ ஒருநாள் நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்துல பிச்சுக்கிட்டுப் போகும். பின்சக்கரம் இழுக்கற வண்டில அது எங்க இருக்கு? ஓட்டறவன் காலுக்குப் பக்கத்துல.

பாத்திருக்கேன். அதான் சொல்றேன்.

அந்த ஜன்னல் வழியாப் பாருங்க. வயலுக்கு அந்தப் பக்கம் மஞ்ச வீடு தெரியுதா, புகை வருதே. பென்ட்டி வீடு. அவன் பொண்ணு யொன்னாவுக்கு எடது பாதம் இல்ல. ரெண்டு வருஷம் ஆகப்போகுது, வர்ற மே மாசம் வந்தா. அவ ரேஸ்ல ஓட்டின வண்டிக்கு இவன் கிளட்ச்சு மாத்தினப்போ பிளைவீல் போல்ட்டை அளவுக்கு மேல முறுக்கிட்டான், அதுல வெடிச்சிருச்சுன்னு ஊருக்கே தெரியும். அவனே சொல்வான், கேட்டீங்கன்னா. கேக்காட்டியும் சொல்வான். அந்தப் பொண்ணு அவனை ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா அவன் அவகூட ஒரே மேஜைல ஒக்காந்து சாப்பிடறதில்லையாம். ஐலா போய்ட்டு வந்து சொல்வா. பொண்ணு உள்ள வந்தா இவன் மாட்டுக் கொட்டகைக்குப் போயிடறானாம். அதுல மாடே இல்ல, பதினஞ்சு வருஷமா.

சிநேகிதனா? யாரு, அவனா? நல்லாக் கேட்டீங்க. முப்பது வருஷம் நாங்க ரெண்டு பேரும் தபால் பொட்டிக்கிட்ட எதிர்ல பாத்தாலும் தலையாட்டினதில்ல.

நீங்க தார் ரோட்டுல ஓட்டறவரு. சரளைக்கல் தோண்டின குழில நாங்க ஓட்டற ரேஸ் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க, ஓட்டியிருக்கமாட்டீங்க. இங்க ஒரு சட்டம் உண்டு. எல்லா வண்டிக்கும் ஒரே வெலை, ரேஸ் சங்கம் வெச்ச வெலை. ரேஸ் முடிஞ்ச அரை மணி நேரத்துக்குள்ள, அன்னிக்கு ஓட்டின எவன் வேணும்னாலும் உங்க வண்டியை அந்த வெலைக்கு வாங்கிக்கறேன்னு சீட்டு எழுதிப் போடலாம். போட்டா நீங்க குடுத்தாகணும். மாட்டேன்னா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. சீட்டு விழுந்ததுக்கு அப்புறம் வண்டில ஒரு திருகைக்கூடத் தொடக்கூடாது. சாவியைச் சிரிச்சுக்கிட்டே குடுக்கணும், கை குலுக்கணும். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா அடுத்த பத்து வருஷத்துக்கு கறி சாசேஜ் விக்கற கடை வரிசைல ஒங்களைப் பத்தித்தான் பேச்சு.

நல்ல சட்டம்தான். பணத்தைக் கொட்டி வண்டி செய்யறவனை அடக்க வந்தது. ஆயிரமாயிரமாக் கொட்டுவானா, அடிமாட்டு வெலைக்கு எவனோ ஓட்டிட்டுப் போயிடுவான்னா? ஆனா பணம் இல்லாதவன் என்னத்தைக் கொட்டுவான்? ராத்திரி பகலா ஒடம்பைக் கொட்டுவான். அந்தச் சட்டத்தை எழுதினவனுக்கு அது தோணல.

நான் ஆறாவதோட படிப்பை விட்டுட்டு மர மில்லுக்குப் போனவன். பென்ட்டி தொழிற்பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் படிச்சவன், ரோட்டு வேலைல மேஸ்திரி. என்னை உருளைக்கிழங்குக் கெடங்கு இஞ்சினியர்னு கூப்பிடுவான். லேத்து அப்போ கெடங்குலதான் இருந்துச்சு, அதுக்கு. ஒரு குளிர்காலம் பூரா ஒக்காந்து ஒரு டட்சன் காரை ரேஸ் வண்டியாச் செஞ்சேன். ஒவ்வொரு வால்வும் என் கை. செப்டம்பர்ல ஜெயிச்சேன். இறங்கி ஹெல்மெட்டைக் கழட்டல, பென்ட்டி சீட்டுப் போட்டுட்டான். சாவியை வாங்கிட்டு எல்லார் முன்னாடியும் சொன்னான், நல்லாருக்கு எஸ்கோ, அடுத்த வருஷத்துக்கும் ஒண்ணு செஞ்சு வை.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், சிரிக்கணுமே. வீட்டுக்குக் காலி டிரெய்லரை இழுத்துட்டு வந்தேன். சரளை ரோட்டுல காலி டிரெய்லர் என்ன சத்தம் போடும் தெரியுமா. இங்கேர்ந்து அங்க வரைக்கும் அந்தச் சத்தம்.

நான் ஏன் அவன் வண்டிக்குச் சீட்டுப் போடலையா? போட்டேனே. ரெண்டு வருஷம் கழிச்சுப் போட்டு என் வண்டியையே திருப்பி வாங்கினேன். இஞ்சின்ல எண்ணெய் இல்ல, ஒரு பக்கத்துக் கதவு வேற வண்டியோடது. ஓட்ட மட்டும்தான் தெரியும் அவனுக்கு. அதைப் பிரிச்சு, மறுபடியும் செஞ்சு, மறுபடியும் ஜெயிச்சேன். மறுபடியும் சீட்டுப் போட்டான். கோபம் வராதான்னா, தம்பி, நான் தெரியாமத்தான் கேக்கறேன், ஒங்க வீட்டு அடுப்புல ஒருத்தன் ரெண்டு தடவை வந்து சோத்தை எடுத்துட்டுப் போனா என்ன பண்ணுவீங்க?

நான் ரேஸ் ஓட்டின கடைசி கோடைல நெலமை என்னன்னா, நான் செஞ்ச வண்டியே என்னை முந்திட்டுப் போகுது. ஆமா, ரெண்டாவது தடவை அவன் சீட்டுப் போட்டு வாங்கினது. அதுல அவன் ஓட்டறான், பின்னாடி புதுசா செஞ்ச ஒண்ணுல நான் புழுதி தின்னுட்டு வர்றேன். வளைவுலேர்ந்து வெளிய வரும்போது கால் நொடி. அந்தக் கால் நொடிக்குத்தான் வழி தேடினேன். உருக்குச் சக்கரம் வாங்கிப் போட்டிருக்கலாம். ஆனா அது வண்டி வெலைல பாதி. எவனோ ஓட்டிட்டுப் போறதுக்கு நான் ஏன் வாங்கிப் போடணும்? எங்க ஆளுங்க எவனும் போடமாட்டான். வார்ப்பிரும்பைத்தான் கடைவோம்.

இங்கதான் கடைஞ்சேன், இதே லேத்துல. அஞ்சரைக்கு வந்தேன். நிறுத்தியிருக்கணும். அஞ்சு. அப்புறம் முதுகுப் பக்கம் திருப்பி மாட்டினேன். எவ்வளவு அழகா வருது தெரியுமா வார்ப்பிரும்பு, கருப்பு மாவு மாதிரி உதிரும், சத்தமே இருக்காது. கையை எடுக்க மனசில்ல. தராசுல வெச்சப்போ மூணேமுக்கால் கிலோ. கட்டைவெரலால தட்டிப் பாத்தேன். நல்ல இரும்பு மணி மாதிரி கேக்கும். அது மரம் மாதிரி கேட்டுச்சு.

தெரியும். தெரிஞ்சுதான் மாட்டினேன். ஒரு நாளுக்குத்தானே, ஓட்டப் போறது நானு, என் காலு. சுத்து காட்டற மீட்டர்ல ஆறாயிரத்துக்கு நேரா செவப்பு டேப்பு ஒட்டினேன், அதைத் தாண்டக் கூடாதுன்னு. தாண்டல. தாண்டாமலே ஜெயிச்சேன். எப்படி எகிறுச்சுங்கறீங்க. அப்படி ஒரு வண்டியை நான் ஓட்டினதே இல்ல, இனி ஓட்டப் போறதும் இல்ல.

சீட்டா? பின்ன. ஒரே ஒரு சீட்டுதான் விழுந்துச்சு, யாரோடதுன்னு நான் எட்டிப் பாக்கக்கூட இல்ல.

வண்டியை அவன் டிரெய்லர் வரைக்கும் நான்தான் ஓட்டிட்டுப் போனேன், மெதுவா. ஒக்காந்துக்கிட்டே அந்த டேப்பை உரிச்சு எடுத்தேன். வண்டியைத் தொடக்கூடாதுன்னுதான் சட்டம். டேப்பு வண்டி இல்லையேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். சின்ன உருண்டையா உருட்டிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். எறங்கி சாவியைக் குடுத்தேன், கை குலுக்கினேன், சிரிச்சேன். என்ன எஸ்கோ, இன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கியேன்னான். பென்ட்டி, ஆறாயிரத்தைத் தாண்டாதே, சக்கரத்தை மாத்திடு. அவ்வளவுதான் சொல்லியிருக்கணும். மூச்சு விடற நேரம்கூட ஆயிருக்காது.

சொல்லல.

இல்லைங்க, வெடிக்கும்னு நினைக்கல. நடுங்கும், விரிசல் விடும், நடுக் குழில நிப்பான், எல்லாரும் அவனைப் பாத்துச் சிரிப்பாங்க, எவனாவது இழுத்துட்டு வருவான். அதைத்தான் நினைச்சேன். அப்படி நினைச்சேன்னுதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டு வர்றேன். அவன் ஓட்டுவான்னுதான் நினைச்சேன், அது மட்டும் சத்தியம். குளிர்காலத்துல கிளட்ச்சை மாத்தி, நல்லாத் தொடச்சு, பொண்ணு கையில குடுத்திருக்கான். அவளுக்கு இருபத்தாறு வயசு, அந்த வருஷம்தான் ரேஸ் லைசென்ஸ் எடுத்தா. கிளட்ச்சு மாத்தினப்போ சக்கரத்தைப் பாத்திருக்கான், மெலிசா மினுமினுன்னு. அட, இதனாலதான் இப்படி எகிறுதான்னு சந்தோஷப்பட்டானாம்.

மே மாசம் மொத ரேஸ். நான் வேலியோரம் நின்னுட்டிருந்தேன். வண்டியை வரிசைல பாத்த உடனே அடையாளம் தெரிஞ்சுச்சு. உள்ள ஹெல்மெட்டுக்குக் கீழ சடை தெரிஞ்சுச்சு. அப்பக்கூட நேரம் இருந்துச்சு தம்பி. கொடி அசைக்க மூணு நாலு நிமிஷம் இருந்துச்சு. வேலியைத் தாண்டிக் குதிச்சுப் போய்க் கையைக் காட்டியிருந்தா நிறுத்தியிருப்பாங்க. ஏன்னு கேட்டிருப்பாங்க. எல்லார் முன்னாடியும் கேட்டிருப்பாங்க. நான் கையில இருந்த சாசேஜுக்குக் கடுகு விழுது தடவிக்கிட்டேன்.

ரெண்டாவது சுத்துல, நேர்ப்பாதைல. வெடிச் சத்தம் மாதிரி இல்ல, யாரோ இரும்புக் கதவை ஓங்கி அறைஞ்ச மாதிரி. வண்டி பாட்டுக்கு உருண்டு போய் ஓரமா நின்னுச்சு, பொறுப்பா நிறுத்தின மாதிரி. அவ கத்தல. மொத ஆளா ஓடிப் போனவன்கிட்ட, கிளட்ச் மிதியைக் காணோம்னு சொன்னாளாம். தேடிக்கிட்டு இருந்தாளாம், இல்லாத காலால.

சேய்னாயோக்கி ஆஸ்பத்திரில ஏழு வாரம். இப்ப செயற்கைப் பாதத்தோட நடக்கறா, நல்லாத்தான் நடக்கறா, பாத்தாத் தெரியாது. அரசாங்க ஆபீஸ்ல வேலை. சங்கத்துக்காரங்க வந்து பாத்துட்டு, காரணம் தெளிவாத் தெரியலன்னு ஒரு காகிதம் எழுதினாங்க. காகிதத்தோட அவங்களுக்கு முடிஞ்சிருச்சு. பென்ட்டிக்கு முடியல.

இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா? ஆறியிருக்கும். சரி விடுங்க.

அந்த ஜூன்ல ஒருநாள் மத்தியானம் பென்ட்டி வந்தான். இந்தக் கதவு வழியா, முப்பது வருஷத்துல மொத தடவையா. கையில பெயின்ட்டு வாளி. வாளி நெறைய சக்கரத்துத் துண்டு, போல்ட்டு, எல்லாம் தொடச்சு எடுத்துட்டு வந்திருக்கான். தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டான். ஒக்காரச் சொன்னேன், ஒக்காரல. அவன் சொன்னதை அப்படியே சொல்றேன். எஸ்கோ, ஒன்னை நான் என்னென்னமோ சொல்லியிருக்கேன். ஆனா கடைசல் வேலைல இந்தப் பக்கத்துலயே ஒன் கையை மிஞ்ச ஆளில்ல, அது எனக்கு எப்பவும் தெரியும். அதனாலதான் ஒன் வண்டியையே வாங்கினேன். சக்கரத்துல தப்பு இருக்காது, நீ கடைஞ்சது. போல்ட்டை முறுக்கினது நான். பாத்து எனக்கு உண்மையைச் சொல்லு.

முப்பது வருஷம் தம்பி. அந்த ஒரு வார்த்தையை அவன் வாயால கேக்கணும்னு நான் எத்தனை வண்டி செஞ்சேன்.

துண்டை எடுத்து அந்த விளக்குக்குக் கீழ வெச்சுப் பாத்தேன். பாக்கறதுக்கு என்ன இருக்கு. ஒடைஞ்ச ஓரத்துல பாதி பளிச்சுன்னு புதுசா இருக்கு, பாதி கருத்துப் போயிருக்கு, அது பழைய விரிசல், முதுகுப் பக்கம் நான் எடுத்த எடத்துலேர்ந்து கெளம்பினது. பள்ளிக்கூடத்துப் புள்ளைகூடச் சொல்லும். அவனுக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு இன்னும் எனக்குப் புரியல. தன்மேல பழி போட்டுக்கிட்டவன் கண்ணுக்கு வேற எதுவும் தெரியாது போல. போல்ட்டு ஓட்டையெல்லாம் சுத்தமா இருந்துச்சு, வட்டம் குலையல. ஒழுங்கா முறுக்கியிருக்கான். என்னைவிட ஒழுங்கா.

ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பாத்தேன். அப்புறம் சொன்னேன், போல்ட்டுதான் பென்ட்டி, கூட முறுக்கிட்ட.

தலையை ஆட்டினான். ரொம்ப நேரம் ஆட்டிக்கிட்டே இருந்தான். எல்லாரும் எனக்கு ஆறுதலாத்தான் பேசறாங்க எஸ்கோ, நீ ஒருத்தன்தான் மூஞ்சிக்கு நேரா உண்மையைச் சொன்னவன்னு சொன்னான். கை குடுத்தான். வாளியைத் தூக்கிட்டுப் போயிட்டான்.

அதுலேர்ந்து ரெண்டு குளிர்காலமா என் வாசல் பனியை அவன்தான் டிராக்டர்ல தள்ளிட்டுப் போறான். விடியறதுக்கு முன்னாடியே வந்துடுவான், தன் வாசலைத் தள்றதுக்கு முன்னாடி. வேணாம்னாலும் கேக்கறதில்ல. சரி, ஒங்க வண்டியைப் பின்பக்கமா கதவுக்கிட்ட கொண்டுவாங்க, நான் லேத்தைத் தூக்க செயின் பிளாக்கை மாட்டறேன். வாசல் கேட்டுக்கிட்ட கொஞ்சம் வழி விட்டுட்டு வாங்க, பனி விடாம விழற நாள்ல ரெண்டாவது தடவையும் தள்ள வருவான், இப்ப அவன் வர்ற நேரம்.